யூரோ கோப்பையை முழுசாகப் பார்ப்பது எப்படி: ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு மாதம்

நம் ஊரில் நிறையப் பேர், ஐரோப்பிய நாடுகள் மோதும் கால்பந்துப் போட்டியான யூரோ கோப்பையைக் காலிறுதியிலிருந்துதான் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். பெரிய அணிகள் மோதுகிற நேரம், ஆகவே அதில் தப்பில்லை. ஆனால் அதற்குள் போட்டியின் உயிரான பகுதி முடிந்துபோயிருக்கும். யூரோவின் ருசி குரூப் சுற்றில் இருக்கிறது. அதிலும் கடைசி நான்கு நாட்களில், குரூப்பில் மூன்றாம் இடத்துக்கு நடக்கிற போட்டியில் இருக்கிறது. பல வருடங்களாக நோட்டுப் போட்டு எழுதிவைத்துப் பார்க்கிறவன் என்ற முறையில் அடித்துச் சொல்கிறேன். அந்தக் கணக்கு புரிந்துவிட்டால், அல்பேனியாவும் ஸ்லோவேனியாவும் ஆடுகிற மேட்சுக்குக்கூட நடு ராத்திரி விழித்திருப்பீர்கள்.

எங்கே ஆரம்பிப்பது, எதை எழுதிவைப்பது, எந்த மேட்சை விடக்கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உதாரணங்களைப் பெரும்பாலும் ஜெர்மனியில் நடந்த 2024 போட்டியிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: போட்டியின் வடிவத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்

இது ஐந்து நிமிட வேலை. 24 நாடுகள், ஆறு குரூப், குரூப்புக்கு நான்கு அணிகள். ஒவ்வொரு அணிக்கும் குரூப்பில் மூன்று மேட்ச். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1. ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு அணிகள் நேராக அடுத்த சுற்றுக்குப் போகும், அது 12. மூன்றாம் இடத்தில் முடித்த ஆறு அணிகளில் சிறந்த நான்கும் போகும். ஆக 16. அதன்பின் தோற்றால் வெளியே. குரூப்பில் 36, நாக்-அவுட்டில் 15, மொத்தம் 51 மேட்ச். அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிகளுக்கும் மூன்றாம் இட மேட்ச் கிடையாது. 1980-க்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார்கள்.

எப்போதும் இப்படிப் பெரிதாக இருந்ததில்லை. 1960-ல் பிரான்சில் நடந்த முதல் போட்டியில் இறுதிக் கட்டத்துக்கு வந்தவை நான்கே அணிகள். 1980-ல் எட்டு, 1996-ல் பதினாறு, 2016-ல் இருபத்துநான்கு. இந்த யோசனையை 1927-லேயே முன்வைத்தவர் ஆன்ரி டெலோனே என்ற பிரெஞ்சுக்காரர். போட்டி தொடங்குவதைப் பார்க்காமலேயே 1955-ல் இறந்துவிட்டார். கோப்பைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

படி 2: நோட்டில் ஆறு பக்கம் ஒதுக்குங்கள்

ஆப்பில் புள்ளிப் பட்டியல் தானாகவே வரும்தான். ஆனால் கையால் எழுதும்போதுதான் கணக்கு மண்டையில் ஏறும். நான் செய்வது இதுதான்: குரூப்புக்கு ஒரு பக்கம். மேலே நான்கு அணிகள், பக்கத்தில் புள்ளி, போட்ட கோல், வாங்கிய கோல், மஞ்சள் அட்டை. கீழே நாலுக்கு நாலு கட்டம் ஒன்று. யார் யாரிடம் என்ன ஸ்கோர் என்பதை அந்தக் கட்டத்துக்குள் எழுத வேண்டும். பார்க்கச் சின்ன வேலையாக இருக்கும், ஆனால் கடைசியில் உங்களைக் காப்பாற்றப்போவது இந்தக் கட்டம்தான்.

காரணம் இருக்கிறது. இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் முடித்தால், யூரோவில் முதலில் பார்ப்பது மொத்த கோல் வித்தியாசத்தை (போட்டதிலிருந்து வாங்கியதைக் கழித்தது) அல்ல. அந்த இரண்டும் தங்களுக்குள் ஆடியபோது யார் ஜெயித்தது என்பதைத்தான் பார்ப்பார்கள். 2022 வரையிலான உலகக் கோப்பைகளைப் பார்த்துப் பழகியவர்கள் வழுக்குகிற இடம் இது. மூன்று அணிகள் சமமாக இருந்தால், அந்த மூன்றும் தங்களுக்குள் ஆடிய மேட்சுகளை மட்டும் வைத்து ஒரு குட்டிப் பட்டியல் போடுவார்கள்.

2004-ல் போர்ச்சுகலில் நடந்ததைச் சொன்னால் சட்டென்று புரியும். இத்தாலி, ஸ்வீடன், டென்மார்க், பல்கேரியா ஒரே குரூப். பல்கேரியாவை மற்ற மூன்று அணிகளும் தோற்கடித்துவிட்டன. இத்தாலி டென்மார்க்குடன் 0-0, ஸ்வீடனுடன் 1-1. கடைசி நாளில் இத்தாலி பல்கேரியாவுடனும், டென்மார்க் ஸ்வீடனுடனும் ஒரே நேரத்தில் ஆடின. இத்தாலிக்குக் கடைசி நொடியில் கசானோ கோல் போட்டார், 2-1. சந்தோஷத்தில் ஓடினார். ஆனால் அந்தப் பக்கம் ஸ்வீடனின் யோன்சன் 89-வது நிமிடத்தில் சமன் செய்ய, மேட்ச் 2-2 என்று முடிந்தது. இப்போது மூன்று அணிகளுக்கும் 5 புள்ளி. தங்களுக்குள் ஆடியது எல்லாமே டிரா. அந்த மேட்சுகளில் போட்ட கோல் எத்தனை? ஸ்வீடன் 3, டென்மார்க் 2, இத்தாலி 1. ஒரு மேட்சும் தோற்காத இத்தாலி ஊருக்குக் கிளம்பியது. பல்கேரியாவை எத்தனை கோலில் அடித்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது.

இப்போது 2024-ன் இ குரூப்பை நீங்களே போட்டுப் பாருங்கள். இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஸ்கோர்கள் இவை:

ருமேனியா 3, உக்ரைன் 0
ஸ்லோவாக்கியா 1, பெல்ஜியம் 0
உக்ரைன் 2, ஸ்லோவாக்கியா 1
பெல்ஜியம் 2, ருமேனியா 0
ஸ்லோவாக்கியா 1, ருமேனியா 1
உக்ரைன் 0, பெல்ஜியம் 0

கூட்டிப் பார்த்தால் நான்கு அணிகளுக்கும் ஒரு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. நான்குக்கும் 4 புள்ளி. நான்குமே சமம் என்பதால் குட்டிப் பட்டியலும் பெரிய பட்டியலும் ஒன்றுதான். அடுத்து கோல் வித்தியாசம்: ருமேனியா, பெல்ஜியம் இரண்டுக்கும் +1. ஆனால் ருமேனியா போட்டது 4 கோல், பெல்ஜியம் 2. எனவே ருமேனியா முதலிடம். ஸ்லோவாக்கியா 0, மூன்றாம் இடம். உக்ரைன் -2, கடைசி. 4 புள்ளி எடுத்தும் குரூப்பில் கடைசியாக வந்து வெளியேறினார்கள். போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டிலிருந்து வந்த அணி அது. முதல் மேட்சில் வாங்கிய அந்த மூன்று கோலைத்தான் கடைசிவரை சரிக்கட்ட முடியவில்லை. முதல் மேட்சில் 2-0 பின்தங்கிய அணி மூன்றாவது கோலை வாங்காமல் தடுத்து ஆடினால், அதைக் கேலி செய்யாதீர்கள். அவர்கள் காப்பாற்றுவது அடுத்த வாரத்துக் கணக்கை.

எல்லாமே சமமாகிவிட்டால்? அதே வருடம் சி குரூப்பில் டென்மார்க்கும் ஸ்லோவேனியாவும் மூன்று மேட்சையும் டிரா செய்தன. இரண்டும் போட்டது 2 கோல், வாங்கியது 2 கோல். தங்களுக்குள் ஆடியதும் 1-1. பட்டியலில் அதற்கும் கீழே இறங்கினால் மஞ்சள், சிவப்பு அட்டைக் கணக்கும், தகுதிச் சுற்றில் வாங்கிய இடமும் இருக்கின்றன. அப்படி இறங்கித்தான் டென்மார்க்குக்கு இரண்டாம் இடம் கொடுத்தார்கள். மஞ்சள் அட்டையையும் நோட்டில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

படி 3: ஏழாவது பக்கம், மூன்றாம் இடத்தாருக்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு குரூப்பிலும் மூன்றாம் இடம் வந்தவர்களை ஒரே பக்கத்தில் வரிசையாக எழுத வேண்டும். இவர்கள் ஒருவரோடு ஒருவர் ஆடியிருக்க மாட்டார்கள் என்பதால், இங்கே புள்ளி, அப்புறம் மொத்த கோல் வித்தியாசம், அப்புறம் போட்ட கோல் என்று போகும். 4 புள்ளி இருந்தால் பெரும்பாலும் நிம்மதியாகத் தூங்கலாம். 3 புள்ளி என்றால் கோல் வித்தியாசம்தான் விதி.

2024-ல் ஹங்கேரி முதல் இரண்டு மேட்சையும் தோற்றிருந்தது, சுவிட்சர்லாந்திடம் 3-1, ஜெர்மனியிடம் 2-0. கடைசி மேட்ச் ஸ்டுட்கார்ட்டில் ஸ்காட்லாந்துடன். நடுவில் ஹங்கேரியின் வர்கா மோதலில் பலத்த அடிபட்டு விழுந்தார், ஆட்டம் வெகுநேரம் நின்றது. அதனால் கூடுதலாகப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அந்தப் பத்தாவது நிமிடத்தில், அதாவது நூறாவது நிமிடத்தில், மாற்று வீரராக வந்த சோபோத் கோல் போட்டார். ஹங்கேரிக்கு 3 புள்ளி. ஆனால் கோல் வித்தியாசம் -3.

அதோடு அவர்கள் வேலை முடிந்தது, காத்திருப்பு தொடங்கியது. மற்ற குரூப்புகள் முடிய மூன்று நாள். நெதர்லாந்து 4 புள்ளியோடு மூன்றாம் இடம், ஹங்கேரிக்கு மேலே போனது. குரோஷியா 2 புள்ளியோடு கீழே போனது. இத்தாலியின் சக்காஞ்ஞி 98-வது நிமிடத்தில் சமன் செய்யாமல் இருந்திருந்தால் குரோஷியா நேராகவே தேறியிருக்கும். ஸ்லோவேனியா 3 புள்ளி, வித்தியாசம் 0, மேலே. ஸ்லோவாக்கியா 4 புள்ளி, மேலே. மிச்சம் ஒரு இடம். அதை முடிவு செய்ய வேண்டியது கடைசி நாள் கடைசி நேரத்தில் நடக்கும் ஜார்ஜியா, போர்ச்சுகல் மேட்ச்.

ஜார்ஜியாவுக்கு அந்த யூரோதான் முதல் பெரிய போட்டி. கையில் 1 புள்ளி. எதிரே போர்ச்சுகல், குரூப்பில் முதலிடத்தை ஏற்கெனவே உறுதி செய்தவர்கள். நமக்கு நள்ளிரவு 12:30. இரண்டாவது நிமிடத்திலேயே க்வாரட்ஸ்கேலியா பந்தை எடுத்துக்கொண்டு ஓடி இடது காலால் மூலையில் அடித்தார். பின்பாதியில் மிகவுதாட்சே பெனால்டியில் இரண்டாவது. 2-0. ஜார்ஜியா உள்ளே, ஹங்கேரி வெளியே. அந்த இரவு என் நோட்டின் ஏழாவது பக்கத்தில் ஹங்கேரி பெயரை அடித்தபோது, நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மேட்சை அல்ல, இரண்டு நாடுகளின் ராத்திரியை என்று தோன்றியது.

இந்த மூன்றாம் இட வழி பெரிய அணிகளுக்குச் சாதகம் என்று ஒரு குறை சொல்வார்கள். உண்மைதான். 2016-ல் போர்ச்சுகல் குரூப்பில் மூன்று மேட்சையும் டிரா செய்து, மூன்றாம் இடத்தில் தொற்றிக்கொண்டு வந்து, கடைசியில் கோப்பையையே தூக்கியது. அந்தத் தொடர் முழுக்க 90 நிமிடத்துக்குள் அவர்கள் ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச், அரையிறுதியில் வேல்ஸை. ஆனாலும் அல்பேனியா, ஐஸ்லாந்து, ஜார்ஜியா மாதிரி நாடுகளுக்குக் கதவைத் திறந்ததும் இதே 24 அணி வடிவம்தான். நான் இந்த வடிவத்தின் பக்கம்.

படி 4: தூக்கத்தைத் திட்டமிடுங்கள்

2024-ல் மேட்சுகள் நம் நேரப்படி மாலை 6:30, இரவு 9:30, நள்ளிரவு 12:30 என்று வந்தன. மூன்றையும் ஒரு மாதம் பார்த்தால் உடம்பு தாங்காது. முதல் இரண்டு சுற்றில் மாலை மேட்சையும் 9:30 மேட்சையும் பாருங்கள், நள்ளிரவு மேட்சைக் காலையில் ஹைலைட்ஸ் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது சுற்று வந்ததும் தலைகீழாக மாற்றுங்கள். அப்போது ஒரு குரூப்பின் இரண்டு மேட்சும் ஒரே நேரத்தில் நடக்கும். ஒன்றை டிவியில், இன்னொன்றை மொபைலில் வையுங்கள். சத்தத்தை டிவிக்கு மட்டும் கொடுங்கள். எந்த மேட்சை டிவியில் வைப்பது? பெரிய பெயர் இருக்கிற மேட்சை அல்ல. இரண்டு அணிக்கும் ஏதாவது தேவை இருக்கிற மேட்சை. ஏழாவது பக்கத்தைப் பார்த்தாலே அது எது என்று தெரிந்துவிடும்.

படி 5: நாக்-அவுட்டில் அட்டையைக் கவனியுங்கள்

வேறு வேறு மேட்சில் இரண்டு மஞ்சள் வாங்கினால் அடுத்த மேட்ச் ஆட முடியாது. காலிறுதி முடிந்ததும் பழைய ஒற்றை மஞ்சள்கள் அழிக்கப்படும். ஆகவே காலிறுதிதான் ஆபத்தான இடம். ஸ்டுட்கார்ட்டில் ஸ்பெயினும் ஜெர்மனியும் ஆடிய 2024 காலிறுதியில், 119-வது நிமிடத்தில் மெரினோ தலையால் முட்டி 2-1 ஆக்கினார். போட்டதும் மூலைக் கொடியைச் சுற்றி ஓடினார். அவருடைய அப்பா 1991-ல் இதே மைதானத்தில் ஒசாசுனாவுக்காகக் கோல் போட்டுவிட்டு இதே மாதிரிதான் ஓடியிருந்தார். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, கணக்கு எழுதுகிறவன் பார்க்க வேண்டியது வேறு: கார்வகாலுக்குச் சிவப்பு, லே நோர்மாவுக்கு இன்னொரு மஞ்சள். இருவரும் அரையிறுதிக்கு இல்லை. 38 வயது ஹெசுஸ் நவாஸ் வந்து பிரான்சின் எம்பாப்பேவுக்கு எதிரே நிற்க வேண்டியதாயிற்று. எம்பாப்பேயைத் தடுத்ததற்காக ஆரம்பத்திலேயே மஞ்சளும் வாங்கினார். அப்படியும் ஸ்பெயின் சமாளித்து 2-1 ஜெயித்தது.

சமமாக முடிந்தால் எக்ஸ்ட்ரா டைம் 30 நிமிடம், அப்புறம் பெனால்டி. முதல் கோலோடு ஆட்டம் முடிகிற 'கோல்டன் கோல்' முறை 1996-லும் 2000-லும் இறுதிப் போட்டியையே முடித்துவைத்தது. பியர்ஹோஃப் ஒன்று, ட்ரெசெகே ஒன்று. இப்போது அது இல்லை. 1968-ல் இன்னும் கொடுமை. நேப்பிள்ஸில் இத்தாலியும் சோவியத் யூனியனும் ஆடிய அரையிறுதி 0-0 என்று முடிந்தபோது, நாணயத்தைச் சுண்டித்தான் முடிவு செய்தார்கள். இத்தாலி கேப்டன் ஃபாக்கெட்டி சரியாகச் சொன்னார், இத்தாலி இறுதிக்குப் போய்க் கோப்பையும் வாங்கியது.

பெனால்டியைப் பார்க்கும்போது பந்தைவிட கோல்கீப்பரின் காலைக் கவனியுங்கள். எந்த நொடியில் கிளம்புகிறார் என்பதுதான் விஷயம். 1976-ல் பெல்கிரேடில் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா அதைத்தான் நம்பினார். மேற்கு ஜெர்மனியின் செப் மையர் ஒரு பக்கம் பாய்வார் என்று கணித்து, பந்தை நடுவில் மெதுவாகக் கிண்டிவிட்டார். கோப்பையை முடிவு செய்கிற உதை அது. இன்றைக்கும் அப்படி அடித்தால் அவர் பெயரைத்தான் சொல்கிறோம். கோல்கீப்பர் ஜெயித்ததற்கு உதாரணம் 2024: ஸ்லோவேனியா அடித்த மூன்று பெனால்டியையும் போர்ச்சுகலின் டியோகோ கோஸ்டா தடுத்தார்.

படி 6: ரெஃப்ரியின் முடிவைப் புரிந்துகொள்ளுங்கள்

2024-ல் பந்துக்குள்ளேயே ஒரு சென்சார் இருந்தது. நொடிக்கு 500 தடவை பந்தின் அசைவைச் சொல்லும். டார்ட்மண்டில் ஜெர்மனிக்கு எதிராக டென்மார்க்கின் ஆண்டர்சன் கோல் போட்டார். சக வீரர் டெலேனியின் கால்விரல் நுனி ஆஃப்சைடு (எதிரணியின் கடைசித் தடுப்பு வீரரைத் தாண்டி நிற்பது) என்று ரத்து. சில நிமிடத்திலேயே அதே ஆண்டர்சன் கையில் பந்து உரசியதைச் சென்சார் காட்டியது, ஜெர்மனிக்குப் பெனால்டி, ஹாவெர்ட்ஸ் கோல். திரையில் இதயத் துடிப்பு மாதிரி ஒரு கோடு துள்ளுகிறதே, அதுதான் பந்து எதிலோ பட்ட நொடி. இரண்டு முடிவும் விதிப்படி சரி. ஆனால் விரல் நுனி அளவு ஆஃப்சைடைப் பிடிப்பதற்காக அந்த விதி எழுதப்படவில்லை என்பது என் கருத்து.

இன்னொன்று: ரெஃப்ரியிடம் போய்ப் பேச கேப்டனுக்கு மட்டும்தான் அனுமதி, மற்றவர்கள் சூழ்ந்தால் மஞ்சள் என்று 2024-ல் கொண்டுவந்தார்கள். ஆட்டம் எவ்வளவு சுத்தமாகிவிட்டது என்பதை நீங்களே பார்க்கலாம்.

படி 7: நடுவில் வரும் ஓய்வு நாட்களில் பழைய மேட்சுகள்

எல்லாவற்றையும் பார்க்க முடியாது. மூன்று சொல்கிறேன். 1984-ல் பிளாட்டினி: ஐந்து மேட்சில் ஒன்பது கோல், அதுவும் நடுக்கள வீரராக. 1988 இறுதியில் மியூனிக்கில் வான் பாஸ்டன் வலது ஓரத்தில், கோணமே இல்லாத இடத்திலிருந்து தரையில் விழாத பந்தை அடித்த அடி.

மூன்றாவது, 1992 டென்மார்க். அவர்கள் தகுதியே பெறவில்லை. ஐ.நா. தடையால் யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதும், போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது கூப்பிட்டார்கள். நடுக்கள வீரர் கிம் வில்ஃபோர்ட்டின் சிறு மகள் அப்போது ரத்தப் புற்றுநோயோடு மருத்துவமனையில். தொடரின் நடுவில் ஊருக்குப் போய் மகளோடு இருந்துவிட்டுத் திரும்பினார். இறுதியில் ஜெர்மனிக்கு எதிரான இரண்டாவது கோல் அவருடையது. அந்த கோலுக்குப் பிறகு அவர் முகத்தை நிறுத்திப் பாருங்கள்.

படி 8: அடுத்த நோட்டை இப்போதே வாங்குங்கள்

அடுத்த யூரோ 2028-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்தில். ஜூன் 9-ல் கார்டிஃபில் தொடக்கம், ஜூலை 9-ல் வெம்ப்ளியில் இறுதி. அங்கே இரவு 8 மணி என்றால் நமக்கு 12:30. நடத்துகிற நாடுகளுக்கு இம்முறை நேரடி இடம் கிடையாது, அவர்களும் தகுதிச் சுற்று ஆட வேண்டும். தவறிவிட்டால் கைகொடுக்க இரண்டு இடம் மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

தகுதிச் சுற்றை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜார்ஜியா 2023 செப்டம்பரில் சொந்த மண்ணில் ஸ்பெயினிடம் 7-1 தோற்றது. அந்த மேட்சில்தான் 16 வயது லமீன் யமால் ஸ்பெயினுக்காக முதல்முறையாக ஆடி, கோலும் போட்டார். ஜார்ஜியா பிளே-ஆஃப் என்கிற கடைசி வாய்ப்பு ஆட்டங்கள் வழியாக கிரீஸைப் பெனால்டியில் வென்று ஜெர்மனிக்கு வந்தது. அங்கே மறுபடியும் அதே ஸ்பெயின். முதல் கோலை வாங்கியது ஸ்பெயின்தான், பிறகு 4-1 என்று ஜெயித்தது. யமால் 17-வது பிறந்தநாளுக்கு மறுநாள் பெர்லினில் இங்கிலாந்தை 2-1 வென்று கோப்பையைத் தூக்கினார். 1964, 2008, 2012-க்குப் பிறகு ஸ்பெயினுக்கு அது நான்காவது, வேறு யாரிடமும் நான்கு இல்லை. அந்த 7-1-ஐ நோட்டில் எழுதி வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கதை முதல் வரியிலிருந்து கிடைத்தது. ஆகவே 2028 நோட்டின் முதல் பக்கத்தில் தகுதிச் சுற்று குரூப்புகளை எழுதுங்கள், ஆறு குரூப் பக்கங்களும் ஏழாவது பக்கமும் அதற்கப்புறம் வரட்டும்.